என் வீட்டுக்காரரின் வலது காது

என் வீட்டுக்காரர் மொராக்கோக்காரர். பெல்ஜியத்தில் கெண்ட் என்ற ஊரில் தாளம் வாசித்துப் பிழைக்கிறார். தருமபுரிப் பக்கம் எங்கள் ஊர் இண்டூரில் இதைச் சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அதுக்கெல்லாம் காசு குடுப்பாங்களா?" கொடுப்பார்கள். சில மாதம் நன்றாகவே கொடுப்பார்கள். சில மாதம் என் ஐ.டி. சம்பளத்தில் வீடு ஓடும்.

அவர் பிறந்தது மெக்னெஸ் என்ற ஊர். அவருடைய அப்பா மெத்தை தைப்பவர். தாய்மாமன் கல்யாண வீடுகளில் வாசிக்கும் குழுவில் இருந்தார். அந்த மாமன் வீட்டிலேயே கிடந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இவரும் வாசிக்கப் போய்விட்டார். இருபத்திரண்டு வயதில் ஏதோ ஒரு விழாவுக்கு அந்தக் குழுவோடு பெல்ஜியம் வந்தார். விழா முடிந்ததும் குழு விமானம் ஏறியது, இவர் ஏறவில்லை. அங்கே தங்குவதற்கான காகிதம் இல்லாமல் இருந்த அந்த வருஷங்களைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பாத்திரம் கழுவினார். கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி பறித்தார். சனிக்கிழமைகளில் மொராக்கோக்காரர்களின் கல்யாணங்களில் வாசித்தார். அப்படி ஒரு கல்யாணத்தில் சாப்பிட வந்திருந்த ஒரு பியானோக்கார அம்மா இவர் கையைப் பார்த்துவிட்டு, மறுநாளே தன் குழுவில் வாசிக்கக் கூப்பிட்டார். அந்த அம்மா ஒரு வக்கீலைப் பிடித்து இவருக்குக் காகிதமும் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், போர்ச்சுகல் என்று மேடைகள் ஏறியது எல்லாம் அந்தக் குழுவோடுதான்.

எனக்கு அவர் பழக்கமானது கெண்ட்டில் என் ஆபீசில். ஊழியர்களுக்குள் ஒற்றுமை வளரவேண்டும் என்று கம்பெனியில் ஒருநாள் எங்கள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வாத்தியம் கொடுத்து, ஒரு தாளக்காரரை வரவழைத்துச் சொல்லித்தர வைத்தார்கள். வந்தவர் இவர்தான். எனக்குக் கிடைத்தது மொராக்கோ இரும்புத் தாளம். ரெண்டு பெரிய கரண்டியைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினாற்போல இருக்கும். முதல் தட்டிலேயே விரல் நடுவில் மாட்டி ரத்தம் வந்துவிட்டது. அவர் பையைத் திறந்தார். உள்ளே வாத்தியத்தைவிடப் பிளாஸ்திரிதான் அதிகம் இருந்தது. கட்டிவிட்டு, "இந்த வேலையை நான் வெறுக்கிறேன், ஆனால் வாடகை கட்டவேண்டும்" என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் என் வேலையைப் பற்றி அதேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம். அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அழுதுவிட்டு, அப்புறம் அவர் என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். அப்பா திட்டவில்லை. போனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். என் அப்பா வயசுக் காலத்தில் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிட்டு வந்து, அந்தக் காசில் இண்டூர்ப் பக்கத்தில் நிலம் வாங்கி விவசாயம் பார்க்கிறார். கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. அதனால் யாராவது பிடிக்காததைப் பேசினால் அந்தக் காதைத் திருப்பிக்கொள்வார். நாலு வருஷம் என் பக்கம் அந்தக் காதுதான் இருந்தது.

அம்மாவுக்குச் சேலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதும் நான் ஊருக்குக் கிளம்பினேன். "நானும் வருகிறேன்" என்றார் அவர். அப்பா முகத்தை எண்ணிப் பயந்து, தருமபுரியில் லாட்ஜில் தங்கிக்கொள்ளலாம், நான் மட்டும் போய் வருகிறேன் என்று ஏற்பாடு. கொரோனா அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பெங்களூர் விமான நிலையத்தில் எங்கள் கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்த முத்திரையைப் பார்த்ததும் லாட்ஜ்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க மேடம், ஃபாரின்ல இருந்து வந்தவங்களுக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." வேறு போக்கிடம் இல்லை. ரெண்டு பெட்டியும் அவருடைய வாத்தியப் பையுமாக அப்பா வீட்டு கேட்டில் போய் நின்றோம்.

அப்பா வெளியே வந்தார். அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "மாடி ரூம்ல இருக்கச் சொல்லு. கீழ உங்கம்மா தையல் பிரிச்ச ஒடம்பு."

சுகாதாரத் துறையிலிருந்து வந்து வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். பால்காரர் தெருமுனையிலேயே நின்றுகொண்டு, "வந்து வாங்கிக்கிங்க" என்று கத்தினார். எங்களுக்கு மாடிப்படியில் சாப்பாட்டுத் தட்டு வரும். நாங்கள் தனிமையில் இருந்தபோதே ஊரடங்கு வந்தது, விமானங்கள் நின்றன. அவருடைய போனில் தினமும் ஒவ்வொரு கச்சேரியாக ரத்தானது. வசந்த காலம் முழுவதற்கும் ஒத்துக்கொண்டிருந்தார். லிஸ்பன் போனது, லியோன் போனது. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து பெந்தீரை எடுத்தார். பெந்தீர் என்பது சல்லடை மாதிரி வட்ட மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டியது. தோலுக்கு அடியில் நரம்பு இழுத்திருக்கும், தட்டினால் உறுமும். கெண்ட்டின் ஈரக் காற்றில் அந்தத் தோல் தொய்ந்துவிடும், மேடை ஏறுமுன் முடி காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டுவார். இண்டூர் மாடியில் அந்த வேலையே இல்லை. பங்குனி வெயிலில் தோல் விறைத்து, தட்டினால் தகரம் மாதிரிக் கேட்டது. ஈரத்துணி போட்டு மூடிவைத்தார்.

தனிமை முடிந்த சமயம் அப்பா தோட்டத்தில் தக்காளி பழுத்துவிட்டது. ஆள் வரவில்லை. அப்பா, பக்கத்து வீட்டுக்காரர், நான் என்று பறிக்க இறங்கினோம். கூப்பிடாமலே அவரும் வந்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையைப் பிடித்து, எங்கள் எல்லாரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு கையாலும் பறிப்பார். செடி அசையாது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்தார்.

"யோவ், காம்போட பறிக்காத. ஒண்ண ஒண்ணு குத்திக்கும். மண்டிக்குப் போறதுக்குள்ள அழுவிப் பூடும்."

என் வீட்டுக்காரரிடம் என் அப்பா நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் மொழிபெயர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெல்ஜியத்தில் காம்பு இல்லாமல் பறித்தால்தான் மேஸ்திரி திட்டுவானாம். கடையில் பச்சைக் காம்போடு இருந்தால்தான் அங்கே வாங்குவார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன். "காம்பையா திங்கறாங்க?" என்றார். அன்றைக்கு முழுவதும் இவர் ஒவ்வொரு பழத்தையும் காம்பு கிள்ளிப் போட்டார்.

விலை படுத்துவிட்டது. ஆனாலும் காய்கறி வண்டிக்கு மட்டும் தடை இல்லை என்பதால் அப்பா குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தருமபுரி மண்டிக்குப் போய்வருவார். ரம்ஜான் தொடங்கி இவர் நோன்பு பிடித்தார். மண்டிக்காரர் ஒரு பாய். அப்பா அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, ஒருநாள் சாயங்காலம் தூக்குப்போசியில் நோன்புக்கஞ்சியோடு வந்து இறங்கினார். "மண்டிக்காரரு குடுத்தாரு. அவுருக்குத்தான்" என்று அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார். அதுவரை அப்பா வாயில் 'அந்தாளு' என்றிருந்தது 'அவுரு' ஆனதை அம்மாவும் கவனித்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் தூக்குப்போசியின் அடிவரை வழித்தார். அவர்கள் ஊரில் நோன்பு திறக்கும்போது கொண்டைக்கடலை போட்டு ஒரு சூப் வைப்பார்கள், அதற்கு இது தங்கச்சி முறை என்றார்.

அந்த நோன்பு மாதத்தில்தான் அது நடந்தது. ஒருநாள் காலையில் முகம் கழுவ எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருக்கிறது என்றார். குளிக்கவே இல்லையே என்றேன். "உள்ளே விசில் அடிக்கிறது. உனக்குக் கேட்கவில்லையா?" என்று என்னிடமே கேட்டார். இடது காதைப் பொத்தச் சொல்லிவிட்டு, வலது காதுப் பக்கம் நான் விரலைச் சொடுக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொடுக்கு" என்றார். சொடுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

கீழே ஓடினேன். அப்பா வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் கிரேட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"வலியா?"

"வலி இல்லப்பா. ஊய்னு கத்துதாம். காது கேக்கலியாம்."

"நம்ம ஆளுங்க எண்ண காய்ச்சி ஊத்தச் சொல்லுவாங்க, ஊத்தாத. ஏறு வண்டில. கார் பாஸ் வாங்கறதுக்குள்ள பொழுது பூடும்." முன்னால் உட்கார ஒரு ஆளுக்குத்தான் இடம். அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, நான் பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். அப்பா தலையை வெளியே நீட்டி, "தக்காளி லோடுங்க. இவுரு நம்ம மாப்ள, ஒடம்பு சரியில்லீங்க" என்றார். பின்னால் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. அவருக்குத்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வார்த்தை அப்போது அவருக்குத் தெரியாது.

தருமபுரியில் ஒரு காது டாக்டர் அம்மா தன் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள் கட்டியிருந்தார். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டி என் வீட்டுக்காரரின் நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இடது பக்கம் என்றார் இவர். டாக்டர் மறுபடி தட்டி வைத்தார். மறுபடியும் இடதுதான்.

"நரம்புல பிரச்சினை. ஏன் வருதுன்னு பல சமயம் தெரியாது. சீக்கிரம் வந்தது நல்லது. ஸ்டீராய்டு குடுக்கறேன். கொஞ்சம் திரும்பலாம், முழுசாவும் திரும்பலாம். திரும்பாமயும் போகலாம்" என்றார். "என்ன வேலை பாக்கறாரு?"

"தாளம் வாசிக்கிறாருங்க. அதான் தொழில்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போடவேண்டும் என்பதால் நோன்பை விட்டார். அதுவும் அவருக்கு வருத்தம். சில வாரங்களில் கனமான சத்தங்கள் திரும்பி வந்தன. மோட்டார் ஓடுவது, மாடு கத்துவது, பெந்தீரின் உறுமல் எல்லாம் வலது காதில் மங்கலாகக் கேட்டன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வரவேயில்லை. அவர்கள் ஊரில் கஞ்சிரா மாதிரி ஒன்று உண்டு, சுற்றிலும் பித்தளைச் சில்லு கோத்திருக்கும். அதில்தான் அவருக்கு அங்கே பெயர். அதை எடுத்து வலது பக்கம் வைத்து ஆட்டினார். இடது பக்கம் வைத்து ஆட்டினார். பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அதற்குப் பிறகு எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை என்றார். நான் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். பகலெல்லாம் மாடியில் படுத்துக்கிடந்தார். நான் ஆறுதல் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்பார்.

அப்பா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் கட்டவும் தீவனப்புல் அறுக்கவும் கீழேயிருந்து, "மாப்ள!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அது தன்னைத்தான் என்று இவருக்குப் பழகிவிட்டது, இறங்கிப் போவார். இருவரும் வரப்பில் நடந்து போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். முதலில் சில நாள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல், ரெண்டு பேரும் கத்திக்கொண்டே போனார்கள். அப்பாவுக்கு இடது காது போனது, அவருக்கு வலது. அப்பாவுக்கு வலப்பக்கம் இவர் நடந்தால் நல்ல காதும் நல்ல காதும் பக்கம் பக்கமாக வரும். மாறி நடந்தால் ரெண்டு செவிட்டுக் காதும் பக்கத்தில் வந்துவிடும். ஒருநாள் அப்பா நின்று, இவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து விட்டார். அதிலிருந்து கத்தல் நின்றுபோனது.

அவர்களுக்குள் என்ன பாஷை என்று கேட்காதீர்கள். அப்பாவுக்குத் தமிழும், போர் லாரியில் பழகிய உடைந்த இந்தியும், கொஞ்சம் கன்னடமும் தெரியும். இவருக்குத் தமிழில் சாப்பாடு சம்பந்தப்பட்ட வார்த்தைகள் எல்லாம் வரும். எப்படியோ பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டார். "உன் அப்பா பேருந்தில் எப்போதும் இடது பக்க ஜன்னலில்தான் உட்காருவாராம், தெரியுமா? எல்லாரும் அவருக்கு வலது பக்கம் வருவார்களாம். கல்யாணப் பந்தியிலும் கடைசி இடதுதானாம்." எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்தக் காதை நான் அப்பாவின் பிடிவாதமாக மட்டும்தான் பார்த்திருந்தேன்.

விமானங்கள் ஓட ஆரம்பித்ததும் திரும்பினோம். கிளம்பும்போது அப்பா கார்க்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னார். கெண்ட்டில் மேடைகள் திறக்க இன்னும் ரொம்ப நாளானது. அதுவரை பார்சல் கொடுக்கும் வேலைக்குச் சைக்கிளில் போனார். காது விஷயத்தை யாரிடமும் சொல்லாதே என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். "வாசிப்பவனுக்குக் காது இல்லை என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?"

முதல் ஒத்திகைக்கு நானும் கூடப் போனேன். பியானோ அவருக்கு வலது பக்கம் இருந்தது. ரெண்டாவது பாட்டிலேயே பியானோ வாசிப்பை நிறுத்தும் இடத்தில் இவர் நிறுத்தவில்லை, தனியாக வாசித்துக்கொண்டே போனார். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதேதான். சாக்ஸபோன்காரர் தரையைப் பார்த்தார். இவர் வாத்தியத்தை மடியில் படுக்கவைத்துவிட்டு, தன் வலது காதைத் தொட்டுக்காட்டி, "இது போய்விட்டது" என்றார்.

பியானோக்கார அம்மா எழுந்தார். பியானோவின் சக்கரக் கட்டையைக் காலால் தட்டி விடுவித்தார். "வந்து தள்ளுங்கள்" என்று குழுவில் மற்ற இருவரையும் கூப்பிட்டார். அது ஆள் உயர நிலைப் பியானோ, நல்ல கனம். மூன்று பேருமாகத் தள்ளி அவருக்கு இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த அம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, "முதலிலிருந்து" என்றார். அவர் வாசித்தார். எனக்கு நோட்டுகள் தெரியாது, சரியா தப்பா என்று சொல்ல முடியாது. யாரும் நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு நாடகக் குழு, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது. பித்தளைச் சில்லுக் கஞ்சிராவை அவர் மேடையில் வாசிப்பதில்லை. அதைத் தன் மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அவள் வாசிக்கும் கச்சேரிக்கு ஒருமுறை போய்விட்டு வந்து ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது பெந்தீரும் பெரிய முழவுகளும்தான். ஒரு இசைப் பள்ளியில் வாரத்தில் பாதி நாள் சொல்லித்தருகிறார். மாசச் சம்பளம் என்று நான் சந்தோஷப்பட்டால், முகத்தைச் சுளிக்கிறார். வருஷத்துக்கொரு முறை ஊருக்குப் போகிறோம். அவரும் அப்பாவும் காரிமங்கலம் சந்தைக்குப் போய் ஆடு பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வருகிறார்கள்.

போன வருஷம் அம்மா கெண்ட்டுக்கு வந்தாள். மாட்டை விட்டுவிட்டு வரமுடியாது என்று அப்பா வரவில்லை. நகர மண்டபத்தில் குழுவின் கச்சேரி. என் குளிர்க்கோட்டுக்குள் பாதி மறைந்து, அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மெதுவான பாட்டில் தூங்கிவிட்டாள். அவருடைய தாளம் வந்ததும் விழித்து, முட்டியில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் மண்டபம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் பியானோக்கார அம்மா அவரைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது டிராமில் அம்மா என் காதருகே குனிந்து கேட்டாள். "நல்லாத்தான வாசிச்சாரு? முடிஞ்சதும் எதுக்கு அத்தன பேரும் படக்குன்னு எந்திரிச்சிட்டாங்க? கடைசி பஸ் போயிரும்னா?"

நான் அவருக்குச் சொன்னேன். டிராமில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். பிறகு அம்மா பக்கம் குனிந்து, தனக்கு வரும் தமிழில், "ஆமாங்க அத்தை. பஸ்ஸு, பஸ்ஸு" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். "அதான பாத்தேன்" என்றாள்.